கறுப்பு என்று தேடினால்

நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்து பொய்யாக இருந்தாலும் என் பல்செட் வாயிலிருந்து கழன்று விழட்டும். பல்செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இருந்தாலும் சத்தியம் சத்தியம்தான்.

எங்கள் நிலையத்தின் படக் களஞ்சியத்தில் எனக்குக் குறிச்சொல் போடுகிற வேலை. எடுத்த படமெல்லாம் அசைவும் சத்தமுமாகக் கம்ப்யூட்டருக்குள் போய்ச் சேரும். எந்தத் தேதி, எந்த அரங்கு, எந்தக் கேமரா என்ற விவரங்களை அதுவே ஒட்டிக்கொள்ளும். படத்துக்குள் என்ன இருக்கிறது என்பதை மட்டும் மனிதன் பார்த்து எழுத வேண்டும். மற்றவர்கள் ‘கூட்டம், பேச்சு, கைதட்டல்’ என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். நான் ஓரத்தையும் விடமாட்டேன். ‘பின்வரிசையில் கொட்டாவி’, ‘இரவல் சட்டை’, ‘மாமியார் பக்கத்தில் இருப்பதால் வந்த அடக்கம்’ என்று எழுதுவேன். மேலாளர் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் அவருக்கே ஒரு கொட்டாவி தேவைப்பட்டால் என்னிடம்தான் வர வேண்டும். என் சொற்கள் அவ்வளவு துல்லியம். ஒரு தடவை ‘தும்மல்’ என்று தட்டினேன். குளிர் அறையில் இருந்த சர்வர் தும்மிவிட்டது. துடைத்தவன் நான்தான்.

ஒரு நாள் விளக்குக்காரர் சவரம் செய்யாத முகத்தோடு வந்து நின்றார். நிலையத்தின் ஆண்டு விழாவில் அவர் செய்தி வாசிக்கிற பெண்ணை வைத்த கண் வாங்காமல் பார்த்தாராம். அதைப் பார்த்தவர் அவருடைய மனைவி, எங்கள் ஒப்பனைக்காரம்மா. அன்று சாயந்திரமே பெட்டியோடு அண்ணன் வீட்டுக்குப் போனவர், வேறு ஊர் நிலையத்துக்கு மாற்றல் கேட்டும் எழுதிக் கொடுத்துவிட்டார். மேலாளர் கையெழுத்துப் போடவேண்டியதுதான் பாக்கி.

“நான் அந்தப் பொண்ணப் பாக்கலண்ணே. படம் இருக்குமே, தேடிக் குடுங்க. அவ போயிட்டா வீட்டுல நானும் சுவரும்தான்” என்றார்.

ஒப்பனைக்காரம்மாவையும் கூப்பிட்டு அனுப்பினேன். என் நாற்காலிக்கு ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்தார்கள். நேராகப் பேசிக்கொள்வதில்லை. இவர் சொல்வதை நான் அவருக்குச் சொல்ல வேண்டும், அவர் சொல்வதை இவருக்கு. கை எட்டும் தூரத்துக்கு நான் ஒரு தபால்காரன்.

‘ஆண்டு விழா’ என்று தட்டினேன். மலையாகக் கொட்டியது. தேதியையும் அரங்கையும் சேர்த்தேன், குன்றாயிற்று. ‘திருகிய கழுத்து’ என்று சேர்த்ததும் ஒரே ஒரு படம் நின்றது. அதில் விளக்குக்காரர் கழுத்தைத் திருகி அண்ணாந்து பார்க்கிறார். செய்தி வாசிக்கிற பெண்ணும் அதே திசையில்தான் நிற்கிறாள். பெரிதாக்கினேன். பார்வை அவள் தலைக்கு ஒரு முழம் மேலே போகிறது. அங்கே ஒரு விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருக்கிறது.

விளக்குக்காரருக்கு உயிர் வந்தது. ஒப்பனைக்காரம்மா மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதே படத்தில், புருஷனுக்குப் பக்கத்திலேயே, அவரும் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார்.

“அவளப் பாக்கல, சரி. என்னையப் பாத்த மாதிரி ஒரு படம் இருக்கான்னு தேடுங்கண்ணே” என்றார்.

காப்பாற்ற வந்த படமே ஆளை மாட்டிவிட்டது. இருவரும் சேர்ந்திருக்கும் படங்களையெல்லாம் வரவழைத்தேன். எல்லாவற்றிலும் அந்தம்மா பேசுகிறார், இவர் விளக்கைப் பார்க்கிறார். ஒன்றில் அந்தம்மா டீ நீட்டுகிறார். இவர் விளக்கைப் பார்த்தபடியே வாங்கி, விளக்கைப் பார்த்தபடியே குடித்து, காலி டம்ளரை விளக்கிடமே நீட்டுகிறார். விளக்கும் குனிந்து வாங்கிக்கொள்கிறது. ‘மனைவியைப் பார்த்தல்’ என்று தட்டிப்பார்த்தேன். அப்படி எதுவும் இல்லை என்றது கம்ப்யூட்டர். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னது போலத்தான் இருந்தது.

“விளக்கு போயிட்டா அத்தன பேரும் இருட்டுல நிப்பாங்க. அதான் என் வேல” என்று முனகினார் விளக்குக்காரர். இந்தத் தபாலை நான் பட்டுவாடா செய்யவில்லை. ஒப்பனைக்காரம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

நான் யோசித்தேன். நாம் போட்டுவைத்த சொல்லைக் கொண்டுதான் நாம் தேட முடியும். போடாமல் விட்டது உள்ளேயே கிடக்கும், இருந்தும் இல்லாததாக. இந்த மனிதருடைய கண் விளக்கு இருக்கும்வரை விளக்கில்தான் இருக்கும். அப்படியானால் விளக்கே இல்லாத இடத்தில்?

களஞ்சியத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒன்றுமே தெரியாத படத்துக்குக் ‘கறுப்பு’ என்று ஒற்றைச் சொல் போடுவோம். இடம் போதாவிட்டால் முதலில் அழிப்பதும் அதைத்தான். கொட்டாவியைக்கூட விடாத நானும் கறுப்புக்கு இரண்டாவது சொல் எழுதியதில்லை. 

‘கறுப்பு’ என்று தட்டினேன். மூடி கழற்றாத கேமரா, பைக்குள்ளேயே ஓடிய கேமரா என்று வரிசையாக வந்தன. பெரிய அரங்கில் மின்சாரம் போன நாளும் வந்தது. கேமரா மட்டும் பேட்டரியில் ஓடியிருக்கிறது. திரையில் மை மாதிரி இருட்டு. யாரோ நாற்காலியில் இடித்துக்கொண்டு அதன் பரம்பரையையே திட்டுகிறார்கள். பிறகு விளக்குக்காரருடைய குரல்.

“எங்க இருக்க? நகராத, கீழ ஒயர் கெடக்கு. நானே வர்றேன்.” கொஞ்ச நேரம் காலடிச் சத்தம். “ம், கையக் குடு.”

ஒரு பெண் சிரிக்கிறாள். அத்துடன் முடிகிறது.

ஒப்பனைக்காரம்மா கதவுப் பிடியில் வைத்த கையை எடுக்கவில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னார். ஒன்றுமில்லாத திரையை மூன்று பேரும் உற்றுப் பார்த்தோம். பிறகு அவர் என்னைத் தாண்டி, நேராகப் புருஷனிடம் கேட்டார்.

“அத்தன விளக்கையும் விட்டுட்டு அன்னிக்கு எங்கிட்டயா வந்தீங்க?”

“கரண்டே இல்ல. விளக்குல பாக்க என்ன இருக்கு?”

நல்ல நேரத்தைக் கெடுப்பதற்கென்றே பிறந்த வாய். ஆனால் அந்தம்மா சிரித்துவிட்டார். இருட்டுக்குள் கேட்ட அதே சிரிப்பு.

மாற்றல் மனு திரும்பி வந்தது, பெட்டியும் திரும்பி வந்தது. அந்தப் படத்தில் ‘கறுப்பு’க்குப் பக்கத்தில், யாரும் அழித்துவிடாதபடி, ‘மனைவியைப் பார்த்தல்’ என்று சேர்த்துவைத்தேன்.

ஒரு விவரம் மட்டும் விட்டுப்போயிற்று. எங்கள் நிலையம் வானொலி நிலையம்.