பால்கனிக்குப் போட்ட கண்ணாடி

அர்தபீலில் முதல் பனி விழுந்ததும் ஊரில் எல்லோரும் ஹீட்டரைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பிப்பார்கள். அல்வாக்கடை எஸ்கந்தருக்கு ஹீட்டர் ஒரு கவலையே இல்லை. அதைப் பொருத்துகிற ஒருவன்தான் அவனுக்குக் கவலை.

அவன் பெயர் குத்ரத். மராலை எஸ்கந்தர் கட்டிக்கொள்வதற்கு முந்தைய குளிர்காலத்தில் அவளைப் பெண் பார்க்க வந்துவிட்டுப் போனவன். பூங்கொத்தும் இனிப்புப் பெட்டியுமாக அம்மாவோடு வந்து உட்கார்ந்தானாம். மரால் தட்டில் தேநீர் கொண்டுவந்து நீட்டினாளாம். கொதிக்கக் கொதிக்க ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர உட்கார்ந்திருந்தானாம். அவள் அப்பா வேண்டாம் என்றுவிட்டார். கல்யாணமான புதிதில் மரால் இதைச் சொல்லி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சொல்லிவிட்டு அவள் மறந்துபோனாள். எஸ்கந்தர் மறக்கவில்லை. அப்படிச் சிரிக்கிற மாதிரி அவனிடம் என்ன இருந்தது என்று இத்தனை வருடமாக யோசித்துக்கொண்டிருந்தான்.

அந்தக் குத்ரத் இந்த இலையுதிர்காலத்தில் ஊரில் வேறு இடமே கிடைக்காதவன்போல, எஸ்கந்தர் குடியிருந்த வீட்டுக்கு நேர் எதிரே கடை போட்டான். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் வரிசையாகப் பாய்லர்கள். சுவரில் சட்டம் போட்ட உரிமம். போதாக்குறைக்கு, தெருவில் ஒரு கதவு விடாமல் ஸ்டிக்கர் ஒட்டிவைத்தான்: 'உரிமம் பெற்ற குத்ரத், வீட்டு வெப்பமூட்டல், புகைக்குழாய் சோதனை.' பக்கத்தில் மீசையோடும் தலை நிறைய முடியோடும் அவன் படம். எஸ்கந்தருக்குத் தலையில் முடி போய் நாளாயிற்று. அல்வா கிளறுகிற இரும்புக் கரண்டியால் தன் வீட்டுக் கதவிலிருந்த ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தான். மறுநாள் இன்னொன்று இருந்தது. அதையும் சுரண்டினான். கதவின் பெயிண்டும் சேர்ந்து வந்தது.

பிரச்சினை பால்கனியில் இருந்தது. இரண்டாம் மாடி, தெருவைப் பார்த்த பால்கனி. சமையலறையை ஒட்டி இருந்தது. வீட்டைக் கட்டியவன் பாய்லரை அங்கேதான் மாட்டியிருந்தான். அதன் புகைக்குழாய் ஒரு முழ நீளம் மட்டும் நீட்டிக்கொண்டு காற்றில் புகையை விட்டுக்கொண்டிருந்தது. திறந்த பால்கனி என்பதால் அதில் குறையொன்றுமில்லை. மரால் துணி உலர்த்துவதும், விரிப்பை உதறுவதும், ஊறுகாய்ச் சாடிகளை வெயிலில் வைப்பதும் அங்கேதான். அவள் விரிப்பை உதறும்போதெல்லாம் எதிர்க்கடை ஜன்னலில் ஒரு மீசை தெரிவதாக எஸ்கந்தருக்குத் தோன்றியது.

"பால்கனிய கண்ணாடி போட்டு மூடிடலாம். குளுரு வருது," என்றான் ஒரு நாள்.

"இத்தன வருஷமா வராத குளுரா இப்ப வருது?"

"இந்த வருஷம் புதுசா வருது."

மரால் அவனை ஒரு பார்வை பார்த்தாள். எந்தக் குளிர் என்று அவளுக்குத் தெரியும். "மூடுறதுன்னா பாய்லர் குழாய என்ன பண்றது? எதுக்க ஹீட்டர் மாட்டற உஸ்தா இருக்காரு, அவர ஒரு வார்த்த கேட்டுட்டு..."

"அவன் என் வீட்டு வாசல்ல கால் வெச்சா அந்தக் கால ஒடச்சுடுவேன்!"

அத்தோடு பேச்சு முடிந்தது. கண்ணாடி போடுகிறவன் வந்து, மேலே காற்று வர ஒரு சின்ன திறந்த சட்டம் விடவேண்டும் என்றான். அந்தச் சட்டம் வழியாகத் தெரு தெரியுமா என்று கேட்டான் எஸ்கந்தர். எட்டிப் பார்த்தால் தெரியும் என்றான் அவன். அப்படியானால் வேண்டாம், முழுக்க மூடு, உள்ளேயும் வெளியேயும் தெரியாத மங்கல் கண்ணாடி போடு என்று சொல்லிவிட்டான்.

புகைக்குழாய் வேலைக்குத் தாய்மாமன் மகன் ஃபெரிதூன் வந்தான். ஃபெரிதூன் குழாயும் ரிப்பேர் பண்ணுவான், டி.வி. ஆன்டெனாவும் திருப்புவான், கேட்டால் பல்லும் பிடுங்குவான். உரிமம் என்று ஒன்று அவனிடம் கிடையாது. காகிதம்போல் மெல்லிய, மடிப்பு மடிப்பான அலுமினியக் குழாய் ஒன்றை வாங்கிவந்து, பழைய குழாயின் வாயில் சொருகி, மினுமினுக்கும் டேப்பைச் சுற்றி, வளைத்து வளைத்துக் கண்ணாடியில் போட்ட ஓட்டை வழியாக வெளியே விட்டான்.

"கீழ போயி வளஞ்சு மேல ஏறுதே, பரவால்லியா?" என்று கேட்டாள் மரால்.

"பொகைக்கு வழி தெரியும் அண்ணி. அதுக்கென்ன, கண்ணு இல்லியா?" என்றான் ஃபெரிதூன். மோர்க்கஞ்சி இரண்டு கிண்ணம் குடித்துவிட்டுப் போனான்.

எஸ்கந்தர் அன்று நிம்மதியாகத் தூங்கினான். பால்கனி இருட்டாகிவிட்டது, மீசை மறைந்துவிட்டது.

ஆனால் கொஞ்ச நாளிலேயே மராலின் முகம் மாறியது. கன்னம் சிவந்திருந்தது. கண் எங்கோ பார்த்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நிறுத்திவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள். தேநீர் போடுகிற சமோவாரில் தண்ணீர் ஊற்ற மறந்தாள். தேநீரோடு சர்க்கரைக்கட்டிக்குப் பதில் உப்பை வைத்தாள்.

"என்னடி ஆச்சு உனக்கு?"

"தல வலிக்குதுங்க. நெஞ்சு படபடங்குது. வெளிய தெருவுல ரெண்டு எட்டு நடந்தா சரியாயிடுது. வீட்டுக்குள்ள வந்தா மறுபடி வலிக்குது."

வேறு யாராவது கேட்டிருந்தால் வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தேடியிருப்பார்கள். எஸ்கந்தர் தெருவில் யார் இருக்கிறான் என்று தேடினான். அதற்கு அவன் அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை.

"தெருவுக்குப் போனா சரியாயிடுதா? ஆகும் ஆகும். ஏன் ஆகாது? யார நெனச்சுடி இப்படி உருகறே?"

"என்னங்க பேசறீங்க?"

"படபடப்பாம், தலவலியாம். எனக்குத் தெரியாத தலவலியா? ரெண்டாவது வகுப்புப் பையன்கூடக் கண்டுபுடிச்சுடுவான்."

மரால் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். பதில் சொல்லக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை. அது அவனுக்கு இன்னும் பெரிய அத்தாட்சியாகிவிட்டது.

மகள் அய்லினும் தலை வலிக்கிறது என்றாள். ஏழு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, வீட்டிலேயே கதகதப்பான இடம் என்று சமையலறை மேசையில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாள். ஒரு நாள் குளித்துவிட்டு வந்து வாந்தி எடுத்தாள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடப் பார்க்கிறாள் என்று எஸ்கந்தர் அதட்டினான். விடிகாலையில் கடைக்குப் போகிறவன் அவன். இரவில் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வீட்டின் மறுகோடியில் படுப்பார்கள். காலையில் அவனுக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் இருந்தது. பொறாமையில் தூக்கம் வராத தலை கனக்காமல் என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டான்.

கடைசியில் நேரிலேயே பிடித்துவிடுவது என்று முடிவு செய்தான். சராப் ஊருக்கு வாதுமைக்கொட்டை வாங்கப் போகிறேன், சாயங்காலம்தான் வருவேன் என்று மராலிடம் சொன்னான். தெருமுனை வரை போனான். அவள் அய்லினைக் கூட்டிவரப் பள்ளிக்கூடம் போன சமயம் பார்த்துத் திரும்பி வந்து, பால்கனிக்குள் புகுந்து, கதவைச் சாத்திக்கொண்டான். கோதுமை மூட்டைக்கும் ஊறுகாய்ச் சாடிக்கும் நடுவில், பாய்லருக்கு நேர் கீழே, அல்வாக்கடை முதலாளி குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். கதவிலிருந்த கண்ணாடித் துண்டு வழியாகச் சமையலறை நன்றாகத் தெரிந்தது.

அவர்கள் வந்தார்கள். அய்லின் புத்தகத்தை விரித்தாள். மரால் பாத்திரம் கழுவச் சுடுதண்ணீரைத் திறந்தாள். அவன் தலைக்கு மேலே பாய்லர் குபுக்கென்று பற்றிக்கொண்டு இரைந்தது.

கொஞ்ச நேரத்தில் எஸ்கந்தரின் நெஞ்சு படபடக்கத் தொடங்கியது. பொறாமைதான் என்று நினைத்தான். தலைக்குள் யாரோ உரல் இடிப்பதுபோல் வலித்தது. வாயில் எச்சில் ஊறியது. குமட்டியது. சமையலறையில் மரால் குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அய்லின், எந்திரிம்மா. வெளிய போலாம். எனக்கு இங்க முடியல."

அய்லின் தலையை மேசையில் வைத்துக் கண்ணை மூடியிருந்தாள்.

இதோ போகிறாள், அவனிடம்தான் போகிறாள், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று எஸ்கந்தர் எழுந்திருக்கப் பார்த்தான். கால் வரவில்லை. இரண்டு காலும் வேறு யாருடையவோபோலக் கிடந்தன. கையை உயர்த்தினான், அதுவும் வரவில்லை. தலைவலி, படபடப்பு, குமட்டல், கண்ணில் மயக்கம். மரால் சொன்னது ஒன்றுவிடாமல் அவனுக்கும் வந்திருந்தது. 'அப்படியென்றால் நானும் குத்ரத்தை நினைத்தா உருகுகிறேன்?' என்று அந்த மயக்கத்திலும் ஒரு கேள்வி எழுந்தது. அப்போதுதான் அவன் தலையை அண்ணாந்து பார்த்தான். ஃபெரிதூன் சுற்றிய டேப் சூட்டில் உரிந்து தொங்கியது. மெல்லிய குழாய் கழன்று, அதன் வாய் அவன் முகத்தைப் பார்த்துத் திறந்திருந்தது.

மரால் என்று கத்த வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. ஊறுகாய்ச் சாடியோடு சேர்ந்து உருண்டான்.

சாடி உடைந்த சத்தத்தில்தான் மரால் கதவைத் திறந்தாள். சராப் போன புருஷன் வினிகரில் நனைந்து பாய்லருக்குக் கீழே கிடந்தான். அவள் பார்வை அவனிடமிருந்து குழாய்க்குப் போனது. குளிர்காலம் முழுக்க டி.வி.யில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்களே, கண்ணுக்குத் தெரியாத, மணமில்லாத விஷம் என்று! ஊறுகாய்க்கு மேல் பாரம் வைக்கிற கல்லை எடுத்து மங்கல் கண்ணாடியில் ஓங்கி அடித்தாள். ஒரு அடி, இன்னொரு அடி. பனிக்காற்று உள்ளே பாய்ந்தது. உடைந்த கண்ணாடி வழியாகத் தலையை நீட்டித் தெரு அதிரக் கத்தினாள்:

"உஸ்தா குத்ரத்! ஓடி வாங்க! வாங்க உஸ்தா!"

தன் மனைவி பால்கனியில் நின்று அந்த மனிதனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை எஸ்கந்தர் தரையில் கிடந்தபடி கேட்டான். எதைத் தடுக்கக் கண்ணாடி போட்டானோ அது நடந்தது. அவன் வாழ்க்கையில் அதற்குமுன் எதையும் அத்தனை ஆசையோடு கேட்டதில்லை. வரவேண்டுமே, வந்துவிட வேண்டுமே என்று மனசு அடித்துக்கொண்டது.

குத்ரத் செருப்பைக்கூடக் கழற்றாமல் பனியோடும் சேற்றோடும் விரிப்பின் மேலே ஓடி வந்தான். கேஸ் வால்வை மூடினான். அய்லினைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினான். திரும்பி வந்து எஸ்கந்தரின் கக்கத்தில் கைகொடுத்து இழுத்தான். மரால் காலைப் பிடித்தாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் மூன்று பேரும் தெருவில் பனியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அய்லின் கண் திறந்து, "ஏன் அப்பா மேல ஊறுகா வாசன?" என்று கேட்டாள். எஸ்கந்தர் ஓவென்று அழுதான்.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்து, இரண்டு நாள் படுக்கவைத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் எஸ்கந்தர் தானே தெருவைக் கடந்துபோய்க் குத்ரத்தைக் கூட்டிவந்தான். குத்ரத் பாய்லரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். ஃபெரிதூனின் குழாயை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தான்.

"யாருண்ணே இத மாட்டுனது?"

"சொந்தக்காரன்."

"உரிமம் இருக்கான்னு கேட்டீங்களா? வேல முடிஞ்சதும் மீட்டர் வெச்சுப் பாத்தானா? பேரும் நம்பரும் எழுதி பாய்லர்ல சீட்டு ஒட்டினானா?"

"மோர்க்கஞ்சி குடிச்சான்."

குத்ரத் தலையில் கை வைத்துக்கொண்டான். கெட்டியான இரும்புக் குழாய் போட்டான். எங்கும் கீழே இறங்காமல், கூரைக்கு மேலே வரை ஏற்றினான். கண்ணாடியில் காற்றுக்குச் சட்டம் விட்டான். சமையலறைச் சுவரில் விஷவாயு வந்தால் அலறுகிற கருவி ஒன்றை மாட்டி, பொத்தானை அழுத்தி அலறவைத்துக் காட்டினான். கடைசியில் மீட்டரைப் பிடித்துப் பார்த்துத் திருப்தியாகச் சீட்டு ஒட்டினான். மரால் தேநீர்த் தட்டோடு வந்தாள். எஸ்கந்தரின் நெஞ்சு மறுபடி ஒரு துள்ளல் துள்ளியது. குத்ரத் தேநீரை எடுத்தான், ஊதி ஊதிக் குடித்தான், அவள் முகத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை.

பொறுக்கமாட்டாமல் எஸ்கந்தர் கேட்டே விட்டான். "எங்க வீட்டுக்காரிய இதுக்கு முன்னாடி எங்கயாச்சும் பாத்திருக்கியா உஸ்தா?"

"இல்லியேண்ணே."

"பீர் சந்துல, அவங்கப்பா வீட்ல. பொண்ணு பாக்க வரல நீ?"

குத்ரத் யோசித்தான். "எங்கம்மா என்ன எத்தனையோ வீட்டுக்கு இழுத்துக்கிட்டுப் போனாங்க. பீர் சந்து... ஆ! காப்பிக்கலர் ஹீட்டர்! குழாய பக்கத்து வீட்டு அலமாரிக்குள்ள விட்டிருந்தாங்க! 'மாமா, இதுல ஆளே செத்துடுவாங்க'ன்னு சொன்னேன். பொண்ணு பாக்க வந்தவனுக்கு என்னடா குழாயில வேலன்னு வெரட்டி வுட்டுட்டாரு." திரும்பி மராலிடம் கவலையோடு கேட்டான்: "சகோதரி, அந்தக் குழாய மாத்திட்டாங்களா?"

"மாத்தியாச்சு," என்றாள் மரால்.

அவன் போன பிறகு எஸ்கந்தரால் உட்கார முடியவில்லை. அங்கும் இங்கும் நடந்தான். "காப்பிக்கலர் ஹீட்டர் ஞாபகமிருக்காம்! ஒன்ன ஞாபகமில்லியாம்! கண்ணு இருக்கா அவனுக்கு? ஒன்னப் பாத்துட்டு ஒருத்தன் மறப்பானா?"

சமாதானமாக ஒரு சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்து அவளைப் பார்த்தான். மரால் சிரிக்கவில்லை. தூங்குகிற அய்லினின் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"தல வலிக்குதுன்னு தெனம் சொன்னேன். யார நெனச்சு உருகறேன்னு கேட்டீங்க."

"மரால்..."

"நான் போகட்டும். இவளுக்கும்தான் தல வலிச்சுது. ஏழு வயசு." குரல் உயரவில்லை. "இவ யார நெனச்சுங்க உருகினா?"

திறந்திருந்த கதவு வழியாகச் சமையலறைச் சுவரில் புதுக் கருவியின் பச்சை விளக்கு தெரிந்தது. மரால் அறை விளக்கை அணைத்துவிட்டு, மகளுக்குப் பக்கத்தில் படுத்து, அவன் பக்கம் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.