அகழிக்கு இந்தப் பக்கம்

முதலாளி வர இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது. வேரழுகல் நோய் இந்த அகழியைத் தாண்டாது என்று தோட்டத்து மேற்பார்வைக்காரி அவரிடம் அடித்துச் சொல்லியிருந்தாள். இப்போது அகழிக்கு இந்தப் பக்கமே மூன்று ரப்பர் மரங்களில் இலை பழுத்துத் தொங்கியது.

மண்டியிட்டு ஒரு மரத்தின் அடிப்பட்டையைச் சீவினாள். உள்ளே வெள்ளை நூலாகப் பூஞ்சை ஓடியிருந்தது. நோய் கண்ட வேர் நல்ல வேரைத் தொடக்கூடாதென்று இடுப்பளவு ஆழத்துக்கு வெட்டிய அகழி அது.

"நீ ஒழுங்கா வெட்டலை!" என்று பொக்லைன் ஓட்டும் கொழுந்தன் மேல் பாய்ந்தாள். "ஒரு வேர்கூட குறுக்கே போகக்கூடாதுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!"

"நீங்களே இறங்கிப் பாருங்க அண்ணி."

இறங்கிக் கடைசிவரை தடவிப் பார்த்தாள். குறுக்கே ஒரு வேரும் இல்லை.

"அப்ப பறந்தா வந்துச்சு?"

அவன் மரத்தடியில் குவித்திருந்த மண்ணைக் காலால் கிளறினான். விரல் நீளத்துக்கு வேர்த்துண்டுகள் வெளியே வந்தன. எல்லாவற்றிலும் அதே வெள்ளை.

"அகழியில வெட்டின மண்ணை வீணாக்காதே, இந்தப் பக்கத்து மரத்துக்கெல்லாம் அணைச்சு விடுன்னு நீங்கதானே அண்ணி சொன்னீங்க?"

எத்தனை மரத்துக்கு என்று கேட்க நிமிர்ந்தாள். கேட்கத் தேவையிருக்கவில்லை. வரிசை முடியும் வரை ஒரு மரம் விடாமல், அவள் சொன்னது சொன்னபடியே, மண் அணைத்திருந்தது.