பொட்டு இருந்த இடம்

"அந்தத் தட்டுல கை வைக்காத. ஒனக்குத் தனியா பச்ச மங்குக் கிண்ணம் எடுத்து வச்சிருக்கேன்."

மயிலம்மாள் தன் மருமகள் ஷாமினியிடம்தான் இப்படிச் சொன்னாள். அன்று காலை முகம் கழுவிவிட்டு வந்த ஷாமினியின் நெற்றியில், ஒட்டுப் பொட்டு இருந்த இடத்தில், மிளகளவு வெள்ளைப் புள்ளி ஒன்றை மாமியார் பார்த்துவிட்டாள். இரண்டு முழம் தள்ளி நின்றபடியே நோயைக் கண்டுபிடித்து, பெயரும் வைத்தாள்: வெண்குஷ்டம். பொழுது சாய்வதற்குள் அந்தப் பெயர் பெடாஸ் தோட்டத்து வரிசை வீடுகள் அத்தனைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

"ஞாயித்துக்கெழம ஒன் தங்கச்சி ரோகினியப் பொண்ணு பாக்க ரெம்பாவ்லேருந்து வர்றாங்க. அதுக்குள்ள இவள மந்தின்ல அவ அம்மா வீட்டுல கொண்டுபோய் விட்டுரு" என்று மகன் வசந்தனுக்கு உத்தரவானது.

"எப்பத் திரும்பக் கூட்டியாறது?"

"அத அப்பறம் பாப்போம் லா."

வசந்தனுக்கு அம்மாவை எதிர்க்கத் தைரியமில்லை. மனைவியை அனுப்பவும் மனமில்லை. லீவு போட்டுவிட்டு அவளைச் சிரம்பானில் ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிப்போனான்.

டாக்டர் அந்தப் புள்ளியைப் பஞ்சால் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. நீல விளக்கில் பார்த்தார். கை, முதுகு, உதடு, எங்கும் வேறு புள்ளி இல்லை.

"இதே எடத்துல எத்தன வருஷமா பொட்டு ஒட்டுறீங்க?"

"கல்யாணம் ஆகி ஆறு வருஷமா, டாக்டர். தூங்கறப்பவும் எடுக்க அத்தை விடமாட்டாங்க."

"அதான். பசையில உள்ள மருந்து தோலு நெறத்த எடுத்திருச்சி. குஷ்டம் இல்ல, யாருக்கும் தொத்தாது. களிம்பு தர்றேன். நெத்தியில எதுவும் வைக்காதீங்க. குங்குமமும் கொஞ்ச நாளைக்கு வேணாம்."

வசந்தன் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தான். குஷ்டம் இல்லை என்ற செய்தி மயிலம்மாளை மகிழ்விக்கவில்லை.

"பொட்டு வைக்கக் கூடாதா? எம்மவன் உசுரோட இருக்கான். குஷ்டம்னாலும் பொட்ட வச்சி மறைச்சிரலாம். வெறும் நெத்திய எத வச்சி மறைக்கிறது?"

அவள் கணவர் மாயாண்டி, தோட்டத்து ஆட்களை வேலை வாங்கிய முன்னாள் மண்டோர், நாற்காலியில் சாய்ந்தபடியே கேட்டார்: "அப்ப நானும் ஒன் பொட்டுப் பசையிலதான் ஒட்டிக்கிட்டு இருக்கேனா?"

"சும்மா இருங்க. ஒங்களுக்காகத்தான் நாப்பது வருஷமா எடுக்காம வச்சிருக்கேன்."

ஷாமினி மாமியாரின் நெற்றியைப் பார்த்தாள். அவள் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் அந்தப் பொட்டு மொச்சைக்கொட்டை அளவு இருந்தது. இன்று ஐம்பது காசு அகலம். அதற்கு மேல் பெரியது பெடாஸ் கடைகளில் கிடையாது.

"அத்தை, ஒங்க பொட்டக் கொஞ்சம் எடுங்க."

மயிலம்மாளின் கை சட்டென்று நெற்றிக்குப் போயிற்று. எடுப்பதற்கல்ல, அமுக்கிப் பிடிப்பதற்கு. வியர்வையில் ஈரமாகியிருந்த பொட்டு அந்த அமுக்கலில் கொஞ்சம் நகர்ந்தது. அதன் ஓரத்தில் வெள்ளையாய் ஒரு கீற்று தெரிந்தது.

மாயாண்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். வசந்தன் தரையைப் பார்த்தான்.

ஷாமினி அடுப்படிக்குப் போய், இன்னொரு பச்சை மங்குக் கிண்ணத்தை எடுத்துக் கழுவினாள். அதில் சோறு போட்டுக் குழம்பு ஊற்றி, தன் மங்குக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"வாங்க அத்தை, சாப்புடுவோம். ஞாயித்துக்கெழம மந்தினுக்கும் ரெண்டு பேரும் சேந்தே போயிரலாம்."