எங்கள் வீட்டுப் பச்சைக் கதவு

ஏழாயிரத்து நானூறு ரூபாய். சினிமாக் கம்பெனி எனக்குத் தரவேண்டிய கூலி. போலகத்தில் எங்கள் தெரு முழுக்க அவர்கள் சொன்ன பெயிண்டை அடித்தது நான்தான். எல்லா வீட்டுக்கும் வெளுத்த சாம்பல், மங்கின சந்தனம். என் வீட்டுக் கதவுக்கு மட்டும் பாசி பிடித்த மாதிரி ஒரு பச்சை. சொன்னார்கள், அடித்தேன்.

ஷூட்டிங் தொடங்கிய அன்று ஆர்ட் வேலை பார்க்கும் வினிதா என்ற பெண் மானிட்டரைக் காட்டினாள். அதில் படத்து அண்ணனும் தம்பியும் உட்கார்ந்து சோறு தின்கிறார்கள். சிரிப்பும் பேச்சுமாகத்தான் இருக்கிறார்கள். ஆனாலும் ஏதோ சரியில்லை என்று பட்டது.

"என்னமோ நடக்கப்போவுதும்மா" என்றேன்.

"கண்டுபுடிச்சிட்டீங்களே! அண்ணங்காரன் தோளைப் பாருங்க."

பச்சைத் துண்டு.

"பொய் சொல்றவன் பக்கத்துல எல்லாம் இந்தப் பச்சை வரும்ணே. பாட்டில், விளக்கு, துண்டு. வசனமே வேணாம். பாக்கிறவங்களுக்குத் தானா சந்தேகம் வந்துரும்."

"அப்ப என் கதவு?"

"அதுவா, போலீசுக்குக் காட்டிக்குடுக்கிறவன் வீடு" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன மாதம்தான் எதிர்வீட்டு மாணிக்கவேலின் மருமகன் சரக்கு பாட்டில்களோடு நாகூர் ரோட்டில் பிடிபட்டான். துப்புச் சொன்னது யார் என்று தெரு முழுக்கப் பேச்சு. அந்த வாரம் பார்த்து நான் போலீஸ் ஸ்டேஷன் காம்பவுண்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தேன். அது போதாதா? நான் ஒரு வார்த்தை சொன்னவனில்லை. ஆனால் இல்லை என்று சொல்லலாம் என்றால், யாரும் நேரே கேட்டால்தானே?

கம்பெனி மேனேஜர் சார்லஸிடம் போனேன். "என் வீட்டை யாரு சார் காட்டுனது?"

"உங்க தெருக்காரரு ஒருத்தர்தான்யா. பொருத்தமா இருக்கும்னாரு."

பேர் ஞாபகமில்லையாம்.

டீக்கடைக்குப் போனால் பேச்சு நின்றது. மாணிக்கவேல் மட்டும், "கதவு எடுப்பா இருக்கு மருதையா" என்றார். வீட்டுக்கு வந்தால் என் பெண்டாட்டி கனகாம்பாள் பச்சைப் புடவையில் நிற்கிறாள்.

"மாத்துடி அதை."

"தீவாளிக்கு நீ எடுத்துக் குடுத்ததுய்யா. கிறுக்குப் புடிச்சிருச்சா?"

விடிந்ததும், பழைய வேலை ஒன்றில் மிச்சமிருந்த நீல பெயிண்ட் டப்பாவைத் திறந்து கதவில் அடிக்க ஆரம்பித்தேன். பாதி முடியுமுன் தெரு கூடிவிட்டது.

"எதுக்கு அழிக்கிறே?" என்றார் மாணிக்கவேல். "மடியில கனமில்லேன்னா வழியில பயமெதுக்கு?"

பிரஷ் நின்றுவிட்டது. பச்சையை விட்டாலும் குத்தவாளி, அழித்தாலும் குத்தவாளி.

சார்லஸ் ஓடி வந்தார். "யோவ், இன்னிக்கு இந்தக் கதவுலதான்யா சீனே!"

"விடுங்க சார்" என்றாள் வினிதா. "வேற கதவுக்குப் பச்சை அடிச்சுக்கலாம். யாரு வீடு தர்றீங்க?"

பட்டென்று பத்துப்பேர் முந்துவார்கள் என்று நினைத்தாள் போல. நான் தெருவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்: "படத்துல அது போலீசுக்குத் துப்புச் சொன்னவன் வீடாம். யாரு தர்றீங்க, சொல்லுங்க!"

ஒருத்தருக்கு மாட்டுக்குத் தண்ணி வைக்கவேண்டுமாம். ஒருத்தருக்கு பஸ் வந்துவிடுமாம்.

"நீங்க தாங்களேண்ணே" என்றேன் மாணிக்கவேலிடம். "எதிர்த்தாப்புலதானே இருக்கு. எடுப்பாத்தான் இருக்கும்."

"எனக்கெதுக்குப்பா இந்த வம்பு?" உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் போடுகிற சத்தம் தெருவுக்கே கேட்டது.

"உன் கூலியிலதான் கைவைப்பேன்" என்றார் சார்லஸ்.

"முழுசும் வச்சுக்கங்க சார். ஏழாயிரத்து நானூறும் வேணாம். கதவு என்னுது."

கணக்கு நோட்டை எடுத்து என் பேரை அடித்தார். "அப்ப நமக்குள்ள பாக்கி இல்லே."

"இல்லே சார்."

நீலம் காய்ந்த பிறகு பார்த்தேன். ஒரு கோட்டிங் போதவில்லை. அடியில் பச்சை தெரிந்தது. இன்னொரு டப்பா என் காசில்தான் வாங்கவேண்டும்.