வயிற்றை எக்கிய சுவர்

தையற்காரியின் வீட்டுச் சமையலறைச் சுவர், யாராவது டேப்பை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தால் வயிற்றை எக்கிக்கொள்ளும். இது முதலில் யாருக்கும் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. முப்பத்தொரு வருடமாக அந்தச் சுவரின் நடுவில் ஓர் ஓவன் பதிந்திருந்தது. கதவு நிற்காமல் பாவாடை எலாஸ்டிக் போட்டு இழுத்துக் கட்டியிருந்தாலும், வேலையில் குறை வைக்காத ஓவன். அது ஒரு திங்கட்கிழமை காலை, பாதி வெந்த ரொட்டியை வயிற்றில் வைத்துக்கொண்டே அணைந்துபோனது. அதை இரும்புக்கடைக்காரன் அன்றைக்கே வண்டியில் ஏற்றிப் போனான். மிஞ்சிய பொந்தைத் தையற்காரி தன் கழுத்தில் தொங்கும் டேப்பால் ஒரே வீச்சில் அளந்தாள். அகலம் அறுபது சென்டிமீட்டர். ஓவன் கடைக்காரருக்கு ஏக சந்தோஷம். இப்போது வருகிற ஓவன் எல்லாமே அறுபதுக்குத்தான் செய்கிறார்கள், வேறு அளவு என்று சொன்னால் கம்பெனிக்காரன் போனை வைத்துவிடுவான் என்றார்.

வியாழக்கிழமை வந்த ஓவன் உள்ளே போகவில்லை. தூக்கி வந்த இரண்டு பேரும் நேராகத் தள்ளினார்கள், சாய்த்துத் தள்ளினார்கள், கடைசியில் திட்டித் தள்ளினார்கள். தையற்காரியின் கணவர் பஸ் கண்டக்டர். அவர் தன் பங்குக்கு, "உள்ள நிறைய இடம் இருக்கு, தள்ளிப் போங்க, தள்ளிப் போங்க" என்று பஸ்ஸில் சொல்லும் குரலிலேயே சொல்லிப் பார்த்தார். ஓவனும் பயணிகளைப் போலவே அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டேப்பை வைத்தால் பொந்து அறுபது. ஓவனைக் கொண்டுபோனால் சுவர் குறுக்கே நின்றது. கடைக்காரர் முகம் கோணாமல் வேறொன்றை மாற்றி அனுப்பினார். இரண்டாவது ஓவனைச் சுவர் துப்பியது. அது கூடத்தைத் தாண்டி, வாசற்படி இறங்கி, எதிர்வீட்டுக் கதவில் போய் முட்டித்தான் நின்றது. எதிர்வீட்டுக்காரர் யாருக்கோ வந்த பார்சல் என்று கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்துக்கொண்டார். மூன்றாவது, பாதி வழியில் சிக்கிக்கொண்டது. சுவருக்கு இரண்டு நாள் விக்கல் எடுத்து, அலமாரியிலிருந்த தட்டுகள் ஒவ்வொன்றாகக் குதித்தன. அதை வெளியே இழுத்துக் கூடத்தில் நிறுத்தினார்கள். கண்டக்டர் அதன்மேல் தன் டிக்கெட் பையை வைக்கப் பழகிக்கொண்டார்.

ஓவன் இல்லாமல் ஒரு குடும்பம் தாராளமாக வாழலாம். ஆனால் தையற்காரி பதினெட்டு வருடத்தில் ஒரு சட்டையைக்கூட அளவு தப்பித் தைத்தவள் இல்லை, அவள் பிழைப்பே அந்தப் பேச்சில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஊரில் செய்தி பரவ ஒரு வாரம் போதுமாயிருந்தது. துணி கொடுக்க வந்தவர்கள் தங்கள் அளவைத் தாங்களே துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்தார்கள். வருடா வருடம் நானூறு சீருடைகள் தைக்கக் கொடுக்கும் பெண்கள் பள்ளியின் தலைமை ஆசிரியை, "முதலில் உங்கள் ஓவன் விஷயம் முடியட்டும்" என்று மரியாதையாக ஒரு கடிதம் அனுப்பினார். போதாக்குறைக்கு நாத்தனார் வந்து பொந்துக்குள் தலையை விட்டுப் பார்த்தாள்.

"நாலு மூலை உள்ள ஓட்டைதானே? இடுப்பா, கழுத்தா, அளக்கத் தெரியாம போறதுக்கு?"

"நீங்க வேணா அளந்து பாருங்க அண்ணி."

நாத்தனார் அளந்தாள். அறுபது. "நான் அளந்தது சரியாத்தான் இருக்கு. நீ அளந்ததுதான் தப்பு" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துப் போனாள். கண்டக்டர், பேசாமல் செங்கல் வைத்துப் பொந்தை அடைத்துவிடலாம் என்றார். அடைத்தால் தோற்றேன் என்று சிமெண்டில் எழுதி வைத்த மாதிரி ஆகும் என்று தையற்காரி மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

மூன்றாவது ஓவனைத் திரும்ப எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று பேச வந்த கடைக்காரர், வந்ததுதான் வந்தோம் என்று ஒரு கோட்டுக்கு அளவு கொடுத்தார். டேப் இடுப்பை நெருங்கியதும் அவருடைய தொப்பை காணாமல் போனது. தையற்காரிக்கு இது புதிதில்லை. டேப்பைக் கண்டால் மூச்சை இழுத்துப் பிடிக்காத மனிதரை அவள் பார்த்ததேயில்லை. அந்த அளவுக்குத் தைத்தால் முதல் சோற்றிலேயே பொத்தான் தெறிக்கும். எனவே வழக்கம்போல டேப்பைத் தளரவிட்டு, கவனம் வேறெங்கோ இருப்பதுபோல, "மாப்பிள்ளை இப்ப ஒழுங்கா வேலைக்குப் போறாரா அண்ணே?" என்று கேட்டாள்.

"அவனா?" என்றார் கடைக்காரர். ஒரு பெருமூச்சு வந்தது, அதன் பின்னால் தொப்பையும் வந்தது. அவள் சட்டென்று அளவைப் பிடித்தாள். பிடித்தவள் அப்படியே நின்று, சமையலறைப் பக்கம் திரும்பிச் சுவரைப் பார்த்தாள். சுவர் வேறு எங்கோ பார்த்தது.

கடைக்காரரை அனுப்பிவிட்டு, ஒரு முக்காலியைச் சுவரோரம் போட்டு உட்கார்ந்து பீன்ஸ் நறுக்க ஆரம்பித்தாள். டேப் சும்மா கழுத்தில் கிடந்தது. நாத்தனார் பொந்துக்குள் தலையை விட்டுப் பார்த்த கதையை, அவள் குரலிலேயே, கையை இடுப்பில் வைத்துச் சொல்லிக் காட்டினாள். சுவர் பதில் பேசவில்லை, சுவர்கள் பேசுவதில்லை. ஆனால் "நான் அளந்தது சரி" என்கிற இடத்தில் அதற்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. காரை பொடிப்பொடியாய் உதிர, எக்கி வைத்திருந்த வயிறு முழுக்க வெளியே வந்துவிழுந்தது. பீன்ஸ் ஒரு பக்கம் பறக்க, தையற்காரி டேப்பை வீசினாள். ஐம்பத்தேழு.

"இதுக்குப் போய் எதுக்கு வெட்கம்?" என்று சுவரைத் தட்டிக் கொடுத்தாள். "எனக்கும்தான் தொப்பை இருக்கு."

ஐம்பத்தேழில் ஓவன் எந்தக் கடையிலும் இல்லை. அதனால் என்ன? ரெடிமேடாக வந்து தொளதொளவென்று இருக்கிற எத்தனை கோட்டை அவள் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். கூடத்திலிருந்த மூன்றாவது ஓவனின் மேலிருந்து டிக்கெட் பையை எடுத்து ஓரமாக வைத்தாள். உட்புறத்தை வெளியே திருப்பி, இரண்டு பக்கமும் சாக்பீஸால் கோடு போட்டு, பக்கத்துக்கு ஒன்றே முக்கால் பிடித்தாள். அரை சென்டிமீட்டர் இளக்கம் இருந்தால்தான் சுவர் தாராளமாக மூச்சு விடும். தார்ப்பாய் தைக்கிற ஊசி நான்கு உடைந்தது, ஐந்தாவது நின்றது. தகட்டின் மிச்சத்தை வெட்டாமல் உள்ளேயே மடித்துத் தைத்தாள். சனிக்கிழமை காலை, கண்டக்டர் வாயைத் திறக்குமுன், ஓவன் சட்டைக்குள் நுழையும் கைபோலப் பொந்துக்குள் போய் உட்கார்ந்தது. ஒரு சுருக்கம் இல்லை.

தலைமை ஆசிரியை நேரில் வந்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு தையலை ஓரம் ஓரமாகப் பார்த்தார். வெந்து இறங்கிய ரொட்டியில் இரண்டு துண்டு சாப்பிட்டார். நானூறு அல்ல, இந்த வருடம் நானூற்று அறுபது என்றார். துண்டுச் சீட்டுக்காரர்கள் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். கடைக்காரர் தன் கடை வாசலில், ஓவன்கள் ஆளுக்குத் தகுந்தபடி பிடித்தும் பிரித்தும் தரப்படும் என்று பலகை வைத்தார். அதற்குப் பிறகு வந்த பன்னிரண்டு வருடத்தில் சுவர் கொஞ்சம் இளைத்துப் பொந்து பெரிதானபோது, தையற்காரி ஒரே ஒரு முறை தையலைப் பிரித்து ஓவனைப் பெரிதாக்கினாள். உள்ளே மடித்து வைத்த தகடு அன்றைக்கு உதவியது. டேப்பைக் கண்டு சுவர் அதன்பின் எக்கவில்லை.

ஓவன் பொந்தில் உட்கார்ந்த அடுத்த வாரமே நாத்தனார் வந்திருந்தாள், மாடிப்படிக்கு அடியில் நுழையாத தன் வாஷிங் மெஷினை இரண்டு ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு. தையற்காரி மெஷினை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, தோளில் கொஞ்சம் பிடிக்க வேண்டும் என்றாள்.

"நாளைக்குக் கிடைக்குமா?" என்றாள் நாத்தனார்.

"வெள்ளிக்கிழமை வாங்க அண்ணி. இன்னும் பொத்தானுக்குக் காஜா எடுக்கணும்."