ஆமென் சொல்லாத வீடு

தடாலென்று ஒரு சத்தம்!

எதிர் வீட்டில் தோசை வார்த்துக்கொண்டிருந்த அமிர்தவள்ளி கரண்டியைப் போட்டுவிட்டு இன்பராஜ் வீட்டுக்கு ஓடினாள். கூடத்தில் முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்த சபை மூப்பர் ஞானமுத்து, தூக்கத்தில் சாய்ந்து, பிளாஸ்டிக் நாற்காலியோடு தரையில் கிடந்தார். அந்த நிலையிலும் ஒரு கையை மேலே தூக்கி, "சுகமாக்கும் ஆண்டவரே, சுகமாக்கும்..." என்று முனகிக்கொண்டுதான் இருந்தார்.

"அப்பாடா, சங்கிலி அறுந்துபோவல," என்றாள் அமிர்தவள்ளி. மூப்பருக்கு அடிபட்டதா என்று கேட்க அப்புறம்தான் தோன்றியது.

இன்பராஜின் மனைவி ஷர்மிளாவை வேலூர் ஆஸ்பத்திரியில் வெண்டிலேட்டரில் வைத்த அன்று ஆரம்பித்த சங்கிலி ஜெபம் அது. ஒருவர் ஜெபிக்கும்போதே அடுத்தவர் வந்து தோளைத் தொட வேண்டும். விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். நடுவில் நிற்கக் கூடாது. முதலில் முழங்காலிட்ட இன்பராஜ்தான் கடைசியில் ஆமென் சொல்லி முடிக்க வேண்டும். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் லைன் சூப்பர்வைசரான அமிர்தவள்ளிக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. யாராவது பாத்ரூம் போனால் மெஷின் நிற்காமல் ரிலீவரை உட்கார வைக்கிற அதே சாமர்த்தியத்தோடு ஜெபத்தையும் ஓட்டினாள்.

கோளாறு என்னவென்றால், ஷர்மிளா போன வாரமே இறந்துவிட்டாள்.

அடக்கமும் ஆகிவிட்டது. கல்லறைத் தோட்டத்தில் பாஸ்டர் குழிக்குள் ஒரு பிடி மண்ணைப் போட்ட அதே நேரத்தில், இட்லி கடை கெங்கம்மாள் இந்தக் கூடத்தில் உட்கார்ந்து, ஷர்மிளா நல்லபடியாக எழுந்து வர வேண்டுமென்று வேண்டிக்கொண்டிருந்தாள். சபையார் மொத்தமும் அடக்கத்துக்குப் போய்விட்டதால் ரிலீவருக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. கெங்கம்மாளுக்கு இயேசுவோடு அவ்வளவு பழக்கமில்லை. நடுநடுவே சோளிங்கர் நரசிம்மரையும் ஒத்தாசைக்குக் கூப்பிட்டுக்கொண்டாள்.

அமிர்தவள்ளி பாஸ்டரிடம் போய்க் கேட்டாள்.

"அடக்க ஆராதனை என் பொறுப்பும்மா, முடிச்சிட்டேன். சங்கிலிய ஆரம்பிச்சவர்தான் முடிக்கணும்," என்று அவர் நழுவிவிட்டார்.

ஆரம்பித்தவரோ பிடி கொடுக்கவில்லை. ஆமென் சொல்லச் சொன்னால் அடுப்பில் டீ பொங்குகிறது என்றார். மறுநாள் பல்வலி. இன்னொரு நாள், "குடியாத்தம் போயி ஒரு லுங்கி எடுத்துக்கினு வந்துட்றேன்," என்று பஸ் ஏறியவர், ஜெபிக்கிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு லுங்கியோடு திரும்பினார். கெங்கம்மாளுக்கும் ஒன்று. மனுஷன் உட்கார்ந்து அழுதாரா என்றால் அதுவும் இல்லை. டீ போட்டார். தம்ளர் கழுவினார். மறுபடி டீ போட்டார்.

துக்க வீட்டில் சங்கிலியை அறுத்த பாவம் தன் தலையில் விழக் கூடாதென்று எல்லாரும் வந்து முழங்காலிட்டார்கள். ஆனால் புதைத்தவளை எழுப்பச் சொல்லிக் கேட்க வாய் கூசியது. "எல்லாரையும் சுகமாக்கும்" என்று பொதுவாக்கிப் பார்த்தார்கள். அது மெதுவாக அவரவர் சர்க்கரை, மருமகளின் தைராய்டு என்று திசைமாறிப் போயிற்று.

அமிர்தவள்ளி மூப்பரின் தோளைத் தொட்டு ஜெபத்தை வாங்கிக்கொண்டாள். அடுத்த முறை பக்கத்து வீட்டு ஹயாத் பாஷாவுடையது. அவர் வாசலிலேயே நின்று கையை விரித்தார்.

"நம்மளால ஆவாதும்மா. நேத்து துஆ கேக்கறப்போ தூக்கக் கலக்கத்துல எங்க வீட்டு மோட்டார் ரிப்பேரையும் சேத்துக் கேட்டுட்டேன். பேஜாராப் போச்சு. இன்பராஜ் கிட்ட நீயே பேசிடு."

தெருமுனையில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. தோளைத் தொட ஆளில்லை. எழுந்தால் இங்கே சங்கிலி அறும். எழாவிட்டால் அங்கே லைன் நிற்கும். ஜெபத்தை நிறுத்திவிட்டு இன்பராஜைத் திட்டவும் வழியில்லை. அமிர்தவள்ளி கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஆண்டவரிடமே திட்டத் தொடங்கினாள்.

"ஆண்டவரே, வேன் வந்துட்டது உமக்குத் தெரியுது, இந்த அண்ணனுக்குத் தெரியலியே! மூப்பருக்கு இடுப்பு போச்சு. கெங்கம்மா கடையில இட்லி குண்டான் கவுத்தது கவுத்தபடி கெடக்குது. இவரு மட்டும் டீ ஆத்திக்கினே நிக்கிறாரே! ஒரே ஒரு வார்த்த, அத்த சொல்றதுக்கு இவருக்கு இன்னா வந்துச்சுன்னு நீரே கேளும் சாமி!"

சமையலறையில் தம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. யாரோ பக்கத்தில் வந்து முழங்காலிட்டார்கள். ஈரக் கை ஒன்று அவள் தோளைத் தொட்டது, டீத்தூள் வாசனை. முறைப்படி அமிர்தவள்ளி வாயை மூடிக்கொண்டு, ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள்.

இன்பராஜ்தான். வாசலில் ஹயாத் பாஷா தொப்பியைச் சரிசெய்துகொண்டார். மூப்பர் இடுப்பைப் பிடித்தபடியே தலை குனிந்தார். வேன் இன்னொரு தரம் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போயிற்று. ஆமென் இதோ வந்துவிடும் என்று எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஆண்டவரே, இந்தத் தங்கச்சிக்கு நீரே எடுத்துச் சொல்லும்," என்றார் இன்பராஜ், கண்ணைத் திறக்காமல். "நாங்க கேட்டுக்கினு இருக்கிற வரைக்கும் நீர் இன்னும் பதில் சொல்லலன்னுதானே அர்த்தம்... நான் ஆமென் சொல்லிட்டா, என் ஷர்மிளா செத்துட்டான்னு ஆயிடுமே!"