இருபதாவது நாள் காய்ச்சல்

காலை ஐந்தே முக்காலுக்கு அவள் பொய் சொன்னாள். எழுந்து உட்காரக்கூட இல்லை. போனைக் காதுக்கும் தலையணைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடியே சொன்னாள்.

"சார், இன்னைக்கு வர முடியாது. காய்ச்சல்."

மறுமுனையில் இருந்தவர் பிரிவின் மேற்பார்வையாளர். விறைப்பாக நடப்பார், விறைப்பாகப் பேசுவார், சிரித்து யாரும் பார்த்ததில்லை. அதனால் அவருக்கு ரூல்தடி என்று பெயர்.

"எவ்வளவு இருக்கு?"

"நூத்தியொண்ணு."

வீட்டில் தெர்மாமீட்டரே கிடையாது. வாயில் வந்த எண்ணைச் சொல்லிவிட்டாள்.

"ஆள் இல்லாத நேரமாப் பாத்துத்தான் உங்களுக்கெல்லாம் காய்ச்சல் வருது," என்றார் ரூல்தடி. "இன்னைக்கு ஏழு ஆபரேஷன் இருக்கு. அந்தப் பொண்ணு ஒருத்தியா நின்னு என்ன பண்ணுவா?"

"அத நீங்கதான் சார் யோசிக்கணும்."

பதினொரு வருடத்தில் அவரிடம் இப்படிப் பேசியதில்லை. அவர் பதில் சொல்வதற்குள் போனை அணைத்தாள்.

அவள் வேலை பார்த்தது ஒரு பெரிய மருத்துவமனையின் கீழ்த்தளத்தில். ஆபரேஷன் முடிந்து ரத்தக் கறையோடு வரும் கருவிகளைக் கழுவ வேண்டும். பிறகு பட்டியலைப் பார்த்து எண்ணி, தட்டில் அடுக்கி, நீலத் துணியில் பொட்டலம் கட்டி, நீராவி இயந்திரத்துக்குள் தள்ள வேண்டும். தட்டு அடுக்குவதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்பதால் எல்லோருக்கும் அவள் தட்டக்கா. நான்கு பேர் செய்த வேலை அது. ஒருத்தி பிரசவத்துக்குப் போனாள், ஒருவர் ஓய்வு பெற்றார். "அடுத்த வாரம் ஆள் வந்துடும்" என்றார் ரூல்தடி. அடுத்த வாரம் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது, ஆள்தான் வரவில்லை. மிஞ்சியது தட்டக்காவும், கனத்த கண்ணாடி போட்டதால் சோடாபுட்டி என்று பெயர் வாங்கிய இன்னொருத்தியும். வார விடுமுறை இல்லாமல் தட்டக்காவுக்குப் பத்தொன்பது நாள் ஓடியிருந்தது.

பத்தொன்பதாவது நாள் மத்தியானம் அவள் ஒரு தட்டை முடித்து, பட்டியலில் கையெழுத்துப் போட்டு, துணியை மடிக்கப் போனாள். சோடாபுட்டி எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, இதுல ரெண்டு கவ்வி கம்மி."

ரத்தக் குழாயை இறுக்கிப் பிடிக்கும் கவ்விகள், பட்டியலில் பன்னிரண்டு. தட்டில் பத்து. பன்னிரண்டு கட்டத்திலும் டிக் அடித்திருந்தாள். எப்போது அடித்தாள் என்றே நினைவில்லை. அந்தத் தட்டு அப்படியே மேலே போயிருந்தால், ஆபரேஷன் முடிந்ததும் நர்ஸ் எண்ணுவார், இரண்டு குறையும், அந்த இரண்டையும் படுத்திருப்பவரின் வயிற்றுக்குள் தேட வேண்டி வரும். சோடாபுட்டி இரண்டு கவ்விகளை எடுத்து வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனாள். தட்டக்கா அந்தத் தட்டை மறுபடி மூன்று தடவை எண்ணினாள். பயம் என்றுதான் முதலில் நினைத்தாள். வீட்டுக்கு வரும் வழியில்தான் அது கோபம் என்று புரிந்தது. யார் மேல் என்று மட்டும் பிடிபடவில்லை.

ஏழு மணிக்குக் கணவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே அறைக்குள் வந்தார்.

"லீவா? நல்லதாப் போச்சு. குழாய்க்காரர் பத்து மணிக்கு வர்றார். கூடவே நின்னு பாத்துக்க. அப்புறம் அந்த அலமாரியையும் ஒழிச்சிடு, ரொம்ப நாளா சொல்லிட்டிருக்கேன்."

"நான் தூங்கப் போறேங்க."

"சும்மாதானே இருக்கப் போற?"

போன மாதம் மேட்ச் பார்ப்பதற்காக வயிற்றுவலி என்று இரண்டு நாள் லீவு போட்டவர் அவர். அந்த இரண்டு நாளும் சோபாவுக்கே டீ போயிற்று. அதைச் சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் அரை மணி நேரம் சண்டை நடக்கும், அரை மணி நேரத் தூக்கம் போகும். புரண்டு சுவர்ப் பக்கம் படுத்தாள். அவர் போனதும் எழுந்து கதவைத் தாழிட்டாள்.

அவள் கணக்குப்போடாத ஒரு ஆள் வீட்டில் இருந்தார். கணவரின் அக்கா. முழங்கால் வைத்தியத்துக்கென்று ஒரு மாதம் தங்க வந்தவர்; இது எட்டாவது மாதம். முழங்கால் நன்றாகிவிட்டது, ஆள்தான் கிளம்பவில்லை. எட்டரைக்குக் கதவில் முதல் தட்டு. குக்கர் மூடி எங்கே? ஒன்பதுக்கு இரண்டாவது. சோப்புத்தூள் தீர்ந்துவிட்டதா? ஒன்பதே காலுக்கு, கதவைத் திறக்கும்வரை தட்டினார். திறந்ததும் புறங்கையை அவள் நெற்றியில் வைத்தார்.

"காய்ச்சல்னு போன்ல சொன்ன. ஜில்லுனு இருக்கு?"

"உள்காய்ச்சல், அண்ணி."

"எங்க காலத்துல உள்காய்ச்சலோட கெணத்துத் தண்ணி எறைச்சோம்."

"உங்க காலத்துலேயே இருந்துக்குங்க, அண்ணி," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். வெளியே பாத்திரங்கள் வழக்கத்தைவிடப் பலமாக உருளத் தொடங்கின.

பத்து மணிக்கு சோடாபுட்டி போன் செய்தாள். பின்னால் நீராவி சீறும் சத்தம்.

"அக்கா, காலையில இருந்து ஒத்தையா நிக்கிறேன். பாத்ரூம்கூடப் போகல. நிஜமாவே காய்ச்சலா?"

அவளிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"ஆமா," என்றாள் தட்டக்கா.

"நேத்து நல்லாத்தானே இருந்தீங்க?"

"ஆள் எடுக்க மாட்டேன்னு நானா சொன்னேன்? என்னை ஏன் குடையுற? போய் உன் சாரக் கேளு."

"சரிக்கா. நல்லாத் தூங்குங்க," என்று சோடாபுட்டி வைத்துவிட்டாள். நல்லாத் தூங்குங்க என்ற அந்த இரண்டு சொல்லுக்குப் பிறகு தட்டக்காவுக்கு எங்கிருந்து தூக்கம் வரும்? இருந்தும் வந்தது. குழாய்க்காரர் வந்து மணியடித்ததும், அண்ணி அவரிடம் புலம்பியதும், அவர் போனதும் எதுவும் அவளுக்குத் தெரியாது. கல் கிணற்றில் விழுந்த மாதிரி தூங்கினாள்.

எழுப்பியது ஆண் குரல். கதவைத் திறந்தால் கூடத்தில் ரூல்தடி உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் அடையாள அட்டை, மடியில் ஃபைல், ஃபைலின் மேல் துப்பாக்கி மாதிரி இருக்கும் தெர்மாமீட்டர். எதிரே அண்ணி அவருக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தார்.

"காய்ச்சலெல்லாம் ஒண்ணுமில்ல சார்," அண்ணியின் குரல் தேனாக இருந்தது. "நான் தொட்டே பாத்தேன். காலையில இருந்து தூங்குறா, அவ்வளவுதான்."

ரூல்தடி எழுந்து வந்து, அவள் தலைமுடியைக்கூட ஒதுக்க விடாமல், நெற்றிக்கு நேராகக் கருவியை நீட்டி அழுத்தினார். அது 'பீப்' என்றது. எண்ணை அவளிடம் காட்டாமல் அண்ணியிடம் காட்டினார்.

"தொண்ணூத்தேழு புள்ளி எட்டு. என்னம்மா இது?"

"காய்ச்சல் இல்ல சார்."

"அப்ப பொய்."

"பொய்தான். களைப்பு சார். பத்தொன்பது நாளாச்சு."

"களைப்புக்கெல்லாம் லீவு கிடையாது. எனக்கும்தான் களைப்பு. நான் படுத்துக்கிட்டா ஆஸ்பத்திரி ஓடுமா?"

"நீங்க தட்டு அடுக்குறதில்லையே சார்."

அவர் முகம் கறுத்தது. மரியாதை அந்த இடத்தில் கழன்றது. "வாய் ரொம்ப நீளுது. பேப்பர் எடு. பொய் சொல்லி லீவு போட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. ஏன் போட்ட, எதுக்குப் போட்ட, ஒண்ணு விடாம எழுது."

ஃபைலில் இருந்து அவரே ஒரு தாளை உருவிக் கொடுத்தார். அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினாள். காய்ச்சல் என்று சொன்னது பொய் என்று எழுதினாள். பத்தொன்பது நாள் என்று எழுதினாள். பிறகு, நேற்று மத்தியானம் இரண்டாம் எண் ஆபரேஷன் அறைக்குப் போக வேண்டிய தட்டில் இரண்டு கவ்விகள் குறைவாக இருந்தும் பன்னிரண்டு என்று கையெழுத்துப் போட்டேன், உடன் வேலை செய்பவர் பார்த்திருக்காவிட்டால் அது மேலே போயிருக்கும், இன்றும் அப்படி நடக்கலாம் என்று பயந்து வரவில்லை என்று எழுதினாள். ஆள் கேட்டு அவரிடம் மூன்று தடவை சொன்ன தேதிகளையும் எழுதினாள்.

ரூல்தடி கடைசிவரை படித்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"இத யாரு எழுதச் சொன்னா?"

"நீங்கதான். ஒண்ணு விடாம."

"பைத்தியமா உனக்கு? இதுல மாட்டுறது யாருன்னு தெரியுதா? கையெழுத்து உன்னோடது."

"தெரியுது. தேதியெல்லாம் உங்களோடது."

"கடைசி ரெண்டு பாராவ எடுத்துட்டு வேற எழுதிக் கொடு. நானும் காய்ச்சல்னே போட்டுக்கிறேன்."

இப்போது அவர் குரல் இறங்கியிருந்தது. அதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. "வேற எழுத மாட்டேன் சார். நீங்க கொடுக்கலன்னா நாளைக்கு நானே மேல போய்க் கொடுப்பேன்." டீ ஆறிக்கொண்டிருந்தது. அவர் குடிக்காமலே போனார். அண்ணி வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு, திரும்பி வரும்போது இவளைப் பார்க்காமல் வந்தார்.

மறுநாள் ரூல்தடி கடிதத்தைக் கொடுக்கவில்லை. அவள் இன்னொன்று எழுதி மூன்றாவது மாடியில் நிர்வாக அதிகாரியின் கையில் கொடுத்தாள். அந்த அம்மா அதை இரண்டு முறை படித்துவிட்டு, விசாரணை முடியும்வரை அவளைச் சஸ்பெண்ட் செய்தார். பன்னிரண்டு நாள்.

"வேலைக்கே உலை வச்சுட்டு வந்து நிக்கிற," என்றார் கணவர். "யாராவது தானே போய்க் குழியில விழுவாங்களா?"

"விழுந்தது நான். உங்களுக்கு ஏன் வலிக்குது?"

அன்றிலிருந்து இருவரும் தேவைக்கு மட்டுமே பேசினார்கள். முதல் மூன்று நாள் அவள் தூங்கினாள். நான்காம் நாள் அண்ணியின் பெட்டியை எடுத்துக் கூடத்தில் வைத்து, "உங்க முழங்கால் நல்லாயிடுச்சு, அண்ணி," என்றாள். பெரிய சண்டை நடந்தது. தம்பியும் அக்காவும் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். ஆனாலும் வெள்ளிக்கிழமை அண்ணி கிளம்பிப் போனார்.

விசாரணைக்கு சோடாபுட்டியையும் கூப்பிட்டிருந்தார்கள். அவள் ரூல்தடியையும் பார்க்கவில்லை, தட்டக்காவையும் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"ரெண்டு கம்மியா இருந்தது நிஜம். நான்தான் பாத்தேன். எனக்கு அன்னைக்குப் பதினாறாவது நாள். நான் பாக்காம விட்டது எத்தனைன்னு எனக்குத் தெரியாது. எனக்கும் மெமோ கொடுக்கறதா இருந்தா கொடுங்க."

அதிகாரி எதையோ நீளமாக எழுதிக்கொண்டார்.

முடிவு இப்படி வந்தது. தட்டக்காவுக்குப் பொய்க்கு ஒன்று, கையெழுத்துக்கு ஒன்று என்று இரண்டு எச்சரிக்கைக் கடிதம். அந்த வருடச் சம்பள உயர்வு கிடையாது. ரூல்தடியை ஸ்டோருக்கு மாற்றினார்கள். அங்கே அவருக்குக் கீழே ஆளே இல்லை. பிரிவுக்கு இரண்டு பேர் புதிதாக வந்தார்கள். வியாழக்கிழமை தட்டக்காவுக்கு விடுமுறை என்று சுவரில் ஒட்டினார்கள்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் சாப்பாட்டு நேரத்தில், அவள் சோடாபுட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"உன்கிட்ட பொய் சொன்னேன். தப்புத்தான்."

சோடாபுட்டி டப்பாவை மூடினாள். "முந்தின நாளே சொல்லியிருந்தா நானும் லீவு போட்டிருப்பேன்கா. ரெண்டு பேரும் வரலன்னா அன்னைக்கே ஆள் வந்திருக்கும். ஏழு ஆபரேஷனையும் என் தலையில போட்டுட்டுப் போனீங்க."

"ஆமா."

"மன்னிக்கல்லாம் மாட்டேன். இப்ப இல்ல."

"சரி."

சோடாபுட்டி கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து தட்டக்காவும் போனாள். புதிதாக வந்த இருவரும் ஒரு தட்டின் முன்னால் விழித்துக்கொண்டு நின்றார்கள். அவள் பட்டியலைக் கையில் கொடுத்து, சத்தமாக எண்ணச் சொன்னாள்.